விசாரணை வருகிறது, பதில் போகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர், புதுச்சேரி பகுதியில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கும் இணைய விளம்பரமும் பார்த்துக்கொடுக்கிற இருவர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. ஏஐ பற்றிய செய்திகள் நாளிதழ்களில் நிறைய வருகின்றன. அவற்றைப் படித்தும், ஒருநாள் வகுப்புகளுக்குப் போயும் தொழிலில் இறங்கும் பிள்ளைகள் முதல் மாதமே இரண்டு மூன்று கருவிகளுக்குச் சந்தா கட்டுகிறார்கள், ஃபேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறார்கள், மூன்றாம் மாதம் கையிருப்பு தீர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். உழைப்பில் குறை இல்லை. தேடி வந்து விலை விசாரிப்பவரைப் பிடித்துவைக்க ஓர் ஏற்பாடு செய்யாமலே விளம்பரத்துக்குப் பணம் கட்டிவிடுவதுதான் குறை. அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது, எங்கெங்கே பிசகும் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் போன் நம்பர். தொழிலுக்கென்று தனி சிம் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள்; செயலி இலவசம். ஊழியர் ஒருவரின் சொந்த நம்பரை நோட்டீஸில் அச்சடித்துவிட்டால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் வாடிக்கையாளர்களும் கூடவே போய்விடுவார்கள். ஒரே நம்பரை இன்னும் நான்கு கருவிகளில் இணைத்துக்கொள்ளலாம் என்பதால் கடைக் கம்ப்யூட்டரில் ஒருவரும் வீட்டில் ஒருவரும் பதில் சொல்ல வழி உண்டு. செயலியைப் போட்ட அன்றே இரட்டைச் சரிபார்ப்பில் ஆறு இலக்க ரகசிய எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் கொடுத்துவிடுங்கள். ஓடிபியை ஏமாற்றி வாங்கிக் கணக்கைப் பறிப்பவர்களிடமிருந்து காப்பாற்றுவது அந்த ஆறு இலக்கம்தான்.

அடுத்து 'குவிக் ரிப்ளை'. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதிலை எழுதிச் சேமித்துவைத்து, சாய்கோடு போட்டுக் கூப்பிடும் வசதி இது. ஐம்பது வரை வைக்கலாம், ஆறு போதும். விலை, கூரியர் கட்டணம், எத்தனை நாளில் வரும், பணம் அனுப்பும் வழி, கடை இருக்கும் இடம், சரக்கு இல்லாதபோது சொல்வது. ஒவ்வொரு பதிலும் ஒரு கேள்வியில் முடியட்டும். "அரை கிலோ 600 ரூபாய்" என்று நிறுத்தினால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். "அரை கிலோ 600 ரூபாய்ங்க, எந்த ஊருக்கு அனுப்பணும்?" என்று கேட்டால் பத்தில் சிலராவது ஊர்ப் பெயரை எழுதுவார்கள். ஊர்ப் பெயர் எழுதியவர் பாதி வாங்கியவர்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இருநூறு பேருக்கு அனுப்பினோம், ஒருவரும் பார்க்கவில்லை என்ற வருத்தத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பொருளைக் கையில் கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புது சரக்கு வந்தா சொல்றோம்" என்று கேட்டு வாங்குங்கள். மொத்தமாகச் செய்தி அனுப்பும் மென்பொருள் என்று விற்கிறார்களே, அதன் பக்கம் போகவே வேண்டாம். முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்தி போகும், அவர்கள் புகார் பொத்தானை அழுத்துவார்கள், நம்பர் முடக்கப்படும். நோட்டீஸ், பெயர்ப்பலகை, பாக்கெட் லேபிள் எல்லாவற்றிலும் அச்சான நம்பர் அது. ஒரே நாளில் அத்தனையும் வீண்.

விசாரணை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. தொட்டதும் உங்களோடு உரையாடலைத் திறக்கும் வாட்ஸ்அப்பின் நேரடி இணைப்பில் (wa.me) நாட்டுக் குறியீடான 91, அதை ஒட்டிப் பத்து இலக்க நம்பர், அதன்பின் வாடிக்கையாளர் அனுப்பவேண்டிய முதல் செய்தி ஆகியவற்றைச் சேர்த்து கியூஆர் குறியீடாக மாற்றிக்கொள்ளலாம். 91க்கு முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ வந்தால் இணைப்பு திறக்காமல் போகலாம், இடைவெளியும் கூடாது. கடலூர் பேருந்து நிலைய நோட்டீஸுக்கு ஒரு கியூஆர், நெய்வேலி கண்காட்சிக்கு ஒன்று, பாக்கெட் லேபிளுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்தால், வரும் செய்தியின் முதல் சொல்லே இடத்தைச் சொல்லிவிடும். அந்த முதல் செய்தியைத் தமிழில் நீளமாக வைக்காதீர்கள். இணைப்புக்குள் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒன்பது அல்லது பதினெட்டு குறிகளாக விரிவதால் கியூஆரின் கட்டங்கள் பொடிப்பொடியாகி, சுமாரான கேமரா உள்ள போனில் படிக்காது. கே1, கே2, பி1 என்பதுபோல் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: நின்று பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் சுவரொட்டிக்குப் பத்து சென்டிமீட்டர் கியூஆர் வேண்டும். கையில் பிடித்துப் படிக்கும் நோட்டீஸுக்கு மூன்று சென்டிமீட்டர்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வதும் இலவசம்தான். கடைப் பெயருக்குப் பின்னால் "கடலூரின் நம்பர் 1 முந்திரிக் கடை" என்று ஒட்டவைத்தால் பதிவு முடக்கப்படலாம். பெயர்ப்பலகையில் உள்ள பெயர் மட்டுமே இருக்கவேண்டும். சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெருவும் அக்கம்பக்கமும் தெரிய ஆரம்பித்து, பெயர்ப்பலகையைக் காட்டி, பூட்டைத் திறந்து உள்ளே போய், சரக்கையும் பில்லிங் இயந்திரத்தையும் காட்டுவதுவரை வெட்டாமல் ஒரே மூச்சில் எடுக்கவேண்டும். வீட்டிலிருந்து செய்கிறவர்கள், வாடிக்கையாளர் நேரில் வராத தொழில் என்றால், விலாசத்தை மறைத்துவிட்டு எந்தெந்த ஊர்களுக்கு அனுப்புகிறோம் என்பதை மட்டும் குறிக்கலாம். கருத்து எழுதினால் பத்து ரூபாய் தள்ளுபடி என்று அறிவிப்பது கூகுளின் விதிக்கு எதிரானது. கேட்டு வாங்குவதில் தவறில்லை. பொருள் நன்றாக இருந்தது என்று வாயால் சொன்னவரிடம் அந்த நிமிடமே இணைப்பை அனுப்பிக் கேளுங்கள். மறுநாள் கேட்டால் எழுதமாட்டார்.

விசாரணைகளை எழுதிவைக்கக் கூகுள் ஷீட்டில் ஏழு பத்திகள் போதும்: தேதி, பெயர், எங்கிருந்து வந்தார், என்ன கேட்டார், சொன்ன விலை, அடுத்துப் பேசவேண்டிய தேதி, முடிவு. இரண்டாம் நாள் ஒருமுறை, ஏழாம் நாள் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்குமேல் தொந்தரவு செய்யவேண்டாம். வாங்காதவர் ஏன் வாங்கவில்லை என்று கடைசிப் பத்தியில் மூன்று சொல்லாவது எழுதுங்கள். 'கூரியர் அதிகம்', 'சின்ன பாக்கெட் இல்லை', 'பதில் தாமதம்' என்று முப்பது வரி சேர்ந்துவிட்டால், எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அதில் இருக்கும்.

இவையெல்லாம் இரண்டு வாரம் தடங்கல் இல்லாமல் நடந்த பிறகுதான் விளம்பரம். அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். உதாரணத்துக்கு, அரை கிலோ முந்திரி ஜிஎஸ்டி நீங்கலாக 600 ரூபாய். கொள்முதல் 430, பாக்கெட்டும் அட்டைப்பெட்டியும் 20, கூரியர் 60. மிஞ்சுவது 90 ரூபாய். நாளுக்கு 300 வீதம் ஏழு நாள் மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரம் ஓட்டினால் 2,100, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 378, ஆக 2,478. அதில் அறுபது பேர் விசாரித்து ஒன்பது பேர் வாங்கினால் ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 275. தொண்ணூறு ரூபாய் சம்பாதிக்க 275 செலவு! இதே வாடிக்கையாளர் நான்காவது முறை வாங்கும்போதுதான் செலவு கழிந்து லாபம் எட்டிப்பார்க்கும். மெட்டாவின் 'ஆட்ஸ் மேனேஜர்' திரையில் 'ஒரு விசாரணைக்கு 35 ரூபாய்' என்று பார்த்துச் சந்தோஷப்படுபவர்கள் இந்தக் கடைசி வரிவரை கணக்குப் போடுவதில்லை.

இதற்கு வைத்தியம் பெரும்பாலும் விளம்பரத்தில் இல்லை, பாக்கெட்டின் அளவில் இருக்கிறது. ஒரே பெட்டியில் இரண்டு பாக்கெட் அனுப்பினால் விற்பனை 1,200, கொள்முதல் 860, பெட்டி 35, கூரியர் 85 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 220. இரண்டாவது ஆர்டரிலேயே விளம்பரச் செலவு கழிந்துவிடும். ஒரு கிலோவுக்குக் கூரியர் இலவசம் என்று போடுவதற்கு முன்னும் இதே தாளில் கணக்குப் பாருங்கள். இணையதளத்தில் பணம் வாங்கித்தரும் பேமென்ட் கேட்வே வைத்திருந்தால் வழக்கமான 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியுமாக 2.36 சதவீதம் போகும். 1,200க்கு 28 ரூபாய். பொருள் வந்தபின் பணம் என்றால் வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறவர்களின் போகவரக் கூரியரையும் சேர்க்கவேண்டும்.

விளம்பரம் போடும்போது நடக்கும் தவறுகள் சிலவற்றைச் சொல்லவேண்டும். மெட்டாவில் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், ஃபேஸ்புக்கைத் தமிழில் வைத்திருப்பவர்களை நோக்கியே அது சுருங்கிவிடும். தமிழ் மட்டுமே பேசுகிறவர்களில் எத்தனையோ பேர் செயலியை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு, விளம்பரத்தைத் தமிழில் எழுதுங்கள். ஓட ஆரம்பித்த விளம்பரத்தில் முதல் சில நாள் கைவைக்காதீர்கள். தொகையையோ ஆட்களையோ பெரிதாக மாற்றினால் அது கற்றுக்கொண்டதை விட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் விளம்பரக் கணக்கின் பணம் செலுத்தும் பகுதியில் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால்தான் அந்த 378 ரூபாயை உள்ளீட்டு வரியாக, தாங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியும். கூகுள் விளம்பரத்தில் இடத்தைத் தேர்ந்தெடுத்ததும், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களும் தானாகவே சேர்ந்துகொள்வார்கள். வில்லியனூரில் வீடுகளுக்குச் சாப்பாடு கொடுப்பவருக்குப் பெங்களூரில் உட்கார்ந்து புதுச்சேரியைத் தேடுகிறவரால் பயன் இல்லை. அவர் 'இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்றவேண்டும். தங்கும் விடுதி நடத்துபவருக்கு அதே பெங்களூர்க்காரர்தான் வாடிக்கையாளர். அவர் மாற்றாமல் விடவேண்டும். ஒரே பொத்தான், இரண்டு தொழிலுக்கு இரண்டு பதில்.

இனிச் சொல்வது நம் பகுதிக்கு மட்டும் உரிய சிக்கல். கடலூரிலிருந்து புதுச்சேரி அரைமணி நேரத்துச் சொச்சம்தான், ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் வரிக்கணக்கில் வேறு மாநிலம். தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. பொருள் விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். இந்த வரம்பை நம்பிப் பதிவு செய்யாமல் இருக்கும் கடலூர்க்காரர், புதுச்சேரி விலாசத்துக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. கைவினைப் பொருட்கள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். சேவைத் தொழில்களுக்கு இந்தக் கட்டாயம் 20 லட்சம்வரை இல்லை. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்பு வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருப்பவர்கள் எல்லை தாண்டிப் பொருள் விற்கவே முடியாது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் பாகூருக்குப் போகும் வண்டிக்கும் இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோவதற்கான இணையச் சீட்டு, வேண்டும்.

பில்லில் வரும் தவறு இன்னும் நுணுக்கமானது. பில்லிங் மென்பொருளோ இணையதளமோ பின்கோடைப் பார்த்து மாநிலத்தை ஊகிக்கும்படி அமைத்திருந்தால் நம் பகுதியில் அது பொய்த்துப்போகும். 605இல் தொடங்குவதெல்லாம் புதுச்சேரி என்று நினைக்கிறார்கள். விழுப்புரம் 605602, ஆரோவில் 605101, இரண்டும் தமிழ்நாடு. 607 எல்லாம் கடலூர் மாவட்டம் என்று நினைக்கிறார்கள். பாகூர் 607402, அது புதுச்சேரி. மாநிலம் தாண்டிய விற்பனைக்குரிய ஐஜிஎஸ்டி போடவேண்டிய இடத்தில், மாநிலத்துக்குள் விற்பதற்குரிய சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டுக் கட்டிவிட்டால், சரியான வரியைப் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கவேண்டும். ஆர்டர் படிவத்தில் பின்கோடுக்குக் கீழே 'மாநிலம்: தமிழ்நாடா, புதுச்சேரியா?' என்று தனியாகக் கேட்டுவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. புதுச்சேரிக் கடையில், பதிவு இல்லாத வாடிக்கையாளர் நேரில் வந்து விலாசம் எழுதாமல் வாங்கிப் போனால் அது உள்ளூர் விற்பனைதான். அவர் வீடு மஞ்சக்குப்பத்தில் இருந்தாலும் சரி.

இந்த இடத்தில்தான் ஏஐயைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே யூடிஜிஎஸ்டி போடவேண்டும் என்று ஒரு கருவி சொல்லிவிடக்கூடும். கேட்டால் நியாயமாகவும் படும். ஆனால் சட்டமன்றம் உள்ள புதுச்சேரியில் எஸ்ஜிஎஸ்டிதான். அந்தமான், சண்டிகர், லட்சத்தீவு போன்ற இடங்களுக்கே யூடிஜிஎஸ்டி. வரிவிகிதமும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கு நீங்கி, அதிலிருந்த பொருட்களில் பெரும்பாலானவை 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. அதற்கு முன்பே பயிற்சி முடிந்த ஏஐ மாதிரி (மாடல்) ஒன்று இணையத்தில் தேடாமல் பதில் சொன்னால் பழைய விகிதத்தையே சொல்லும், தயங்காமல் சொல்லும். வரி, உரிமம், பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் குறியீடு ஆகிய மூன்றையும் ஏஐயிடம் கேட்டுவிட்டு அப்படியே நடக்காதீர்கள். அரசு தளத்தில் பாருங்கள், அல்லது உங்கள் கணக்காளரைக் கேளுங்கள்.

விடை சரியா என்று நீங்களே பார்த்துவிடக்கூடிய வேலைகளை மட்டும் அதனிடம் கொடுக்கலாம். அப்படிப்பட்ட வேலை நிறைய இருக்கிறது. கையால் எழுதிய விலைப்பட்டியலைப் படமெடுத்துக் கொடுத்து அட்டவணையாக்கச் சொல்லலாம். கூட்டுத்தொகையை மட்டும் ஷீட்டில் போட்டுச் சரிபார்க்கவேண்டும். கூரியர் நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் புகார்க் கடிதம் எழுதச் சொல்லலாம். ஷீட்டின் 'என்ன கேட்டார்' பத்தியை மட்டும், பெயரும் நம்பரும் இல்லாமல் நகலெடுத்துக் கொடுத்து, ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துத் தரச் சொல்லலாம். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் அடுத்த மாதத்துக் குவிக் ரிப்ளைகள் எவை என்பது தெரிந்துவிடும். எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கையை அது சொல்வதை நம்பவேண்டாம். எண்ணுவதில் அடிக்கடி சறுக்கும்.

விளம்பர வாசகம் எழுதச் சொன்னால் என்ன வரும் என்பதற்கு ஒரு மாதிரி: "எங்கள் உயர்தர முந்திரிப் பருப்புகளுடன் உங்கள் சுவைப் பயணத்தை மேம்படுத்துங்கள்!" பண்ருட்டிச் சந்தையில் இப்படிப் பேசினால் யார் நின்று கேட்பார்கள்? வாங்குகிறவருக்குத் தெரியவேண்டியது முழுப் பருப்பா, உடைசலா, எந்த ரகம், எப்போது பாக்கெட் போட்டது என்பதுதான். 320 ரகம் என்றால் ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 300 முதல் 320 பருப்பு இருக்கும். 240 என்றால் அதைவிடப் பெரியது. இந்த விவரங்களைக் கொடுக்காமல் 'நல்ல விளம்பரம் எழுது' என்று கேட்டால் வெறும் அலங்காரம்தான் திரும்பி வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "பண்ருட்டி முந்திரி விற்கிறேன். முழுப் பருப்பு, 320 ரகம், அரை கிலோ 600 ரூபாய். பாக்கெட் போட்ட தேதி மேலேயே இருக்கும். வாங்குபவர்கள் கடலூர், நெய்வேலி, புதுச்சேரி வீடுகளில் இருப்பவர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு மூன்று வரி, பேச்சு வழக்கில் எழுது. உயர்தர, அற்புதமான, பயணம், அனுபவம் ஆகிய சொற்கள் வேண்டாம். நான் சொல்லாத எந்தக் குணத்தையும் சேர்க்காதே."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 'ரசாயனம் கலக்காதது', 'கொழுப்பைக் குறைக்கும்' என்று கருவி தானாகவே சேர்த்துவிடும். உணவுப் பொருளுக்குப் பொய்யான விளம்பரம் கொடுத்தால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. ஏஐ எழுதியது என்று சொல்லித் தப்ப முடியாது, அச்சிட்டவர் நீங்கள். வந்ததை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவரிடம் சொல்வதுபோல் வாயில் வராத வரியை அடித்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் கேட்டால்தான் ஏஐ ஒழுங்காகச் சொல்லும், தமிழில் கேட்டால் அளவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று சொல்லித்தருவது பழைய பாடம். 2024 மே மாதம் ஓபன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது, ஒரே மாதிரி வாக்கியத்துக்குத் தமிழில் முன்பு 116 டோக்கன் (ஏஐ எழுத்தை நறுக்கி எண்ணும் துண்டு) ஆனது 35 ஆகக் குறைந்ததாகக் காட்டியது. ஆங்கிலத்தில் அது 24. இடைவெளி இருக்கிறது, ஆனால் தமிழில் யோசிப்பவர் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் கேட்கும் அளவுக்கு இல்லை. சந்தா விஷயத்தில் நிதானம் வேண்டும். 2025இல் ஏர்டெல்காரர்களுக்குப் பெர்ப்ளெக்ஸிட்டி, ஜியோகாரர்களுக்கு ஜெமினி, எல்லோருக்கும் ஓராண்டு சாட்ஜிபிடி கோ என்று இலவசங்கள் வந்தன. இப்படி இலவசமாகச் சேரும்போது ஆட்டோபேக்கு ஒப்புதல் கொடுத்திருந்தால், காலம் முடிந்ததும் பணம் தானாகப் பிடிக்கப்படும். ஜிபேயிலோ ஃபோன்பேயிலோ ஆட்டோபே பகுதியைத் திறந்து இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாட்ஜிபிடியின் டேட்டா கன்ட்ரோல்ஸ் பகுதியில், உங்கள் உரையாடலை மாதிரியை மேம்படுத்தப் பயன்படுத்திக்கொள்ளும் பொத்தானையும் அணைத்துவிடலாம். வாடிக்கையாளரின் போன் நம்பர், ஆதார், விலாசம் எதையும் எந்தக் கருவியிலும் ஒட்டக்கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது.

படம் செய்யும் ஏஐயிடம் தமிழ் எழுத்தைக் கொடுப்பதில் இன்னும் நம்பிக்கை வைக்க முடியவில்லை. படத்தை மட்டும் அதனிடம் வாங்கிக்கொண்டு எழுத்தை நீங்கள் போடுங்கள். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து, நடுவே புள்ளி வட்டம் விழுந்த பேனர்களைப் பார்த்திருப்பீர்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில், எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தேர்வு செய்யாவிட்டால் அப்படி ஆகும். பிரஸ்ஸில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்த வாசகத்தை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும்போதே வாசகத்தை யூனிகோடில் (போனில் தமிழ் தட்டும் அதே முறையில்) நீங்களே தட்டச்சு செய்து அனுப்புங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் என்று நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவர் நாள் முழுதும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த வேலையும் முடியாது; பார்க்காமலிருந்தால் விசாரணை போய்விடும். காலை 9 மணி, மதியம் 1 மணி, மாலை 5 மணி, இரவு 8 மணி என்று நான்கு வேளை, ஒவ்வொரு வேளையும் இருபது நிமிடம் பதில் சொல்வது பலருக்கு ஒத்துவருகிறது. அந்த வேளைகளை முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். பதில் எப்போது வரும் என்று தெரிந்தவர் காத்திருப்பார். படங்களை வாரத்தில் ஒரு காலை மொத்தமாக எடுத்துவிடலாம். ஜன்னல் ஓரம், ஏழிலிருந்து ஒன்பதுக்குள், வெள்ளைச் சார்ட் அட்டைமேல் வைத்துப் பன்னிரண்டு படம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை செய்யும் நாள் நாளிதழிலேயே வருகிறது. சரக்கு எண்ணுவதையும் பெட்டி மடிப்பதையும் அந்த நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை நம் கடற்கரையில் திட்டமிடாமல் தொழில் செய்ய முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல், அதை ஒட்டித் தென்பெண்ணையில் வெள்ளம். மின்சாரமும் நெட்வொர்க்கும் போன பிறகும் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும், பணம் போய்க்கொண்டே இருக்கும், பதில் சொல்ல ஆள் இருக்காது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே விளம்பரத்தை நிறுத்துங்கள். 'மழை காரணமாக அனுப்புவதில் தாமதமாகும்' என்று தானியங்கிச் செய்தியை மாற்றுங்கள். ஷீட்டின் நகல் ஒன்றைப் போனில் இறக்கிவைத்து, வாட்ஸ்அப்பை பேக்கப் எடுங்கள். சரக்கைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்துங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். மாவட்டத் தொழில் மையங்கள் நடத்தும் பயிற்சிகளில், கருவிகளின் பெயரைப் பட்டியலிடுவதோடு நிற்காமல், ஒவ்வொருவரும் தன் கடையின் குவிக் ரிப்ளைகளையும் ஓர் ஆர்டரின் கணக்கையும் அங்கேயே உட்கார்ந்து எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டும் என்று உங்கள் நாளிதழ் வலியுறுத்தவேண்டும். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை என்பதையும் அடிக்கடி அச்சிடுங்கள். அரசு தளம்போலவே தோன்றும் தனியார் பக்கங்களில் இன்னமும் பணம் கட்டுகிறார்கள். கடிதம் நீண்டுவிட்டது. இடம் கருதிச் சுருக்குவதாக இருந்தால், பின்கோடும் எஸ்ஜிஎஸ்டியும் பற்றிய பகுதியை மட்டும் குறைக்காமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறுதொழில் கணக்கும் விளம்பரமும் பார்க்கும் இருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.